ரெண்டு சூடம்

நான் பொய் சொல்றவ இல்ல. மொதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா மாரியம்மா முன்னால நான் ரெண்டு தடவை சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். ரெண்டையும் மனசாரத்தான் பண்ணினேன். சிரிக்காதீங்க, உங்களுக்கு வந்தா தெரியும்.

என் பேரு நீலாவதி. மலேசியாவுல கேமரன் மலை, அங்க தேயிலை எஸ்டேட்டுல கொழுந்து நிறுக்கிற கொட்டாய்ல வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாச்சு. ஒரே மக வசுமதி. ரிங்லெட்ல காய்கறி லோரி ஓட்டுற மகேனுக்குக் கட்டிக் கொடுத்தேன். தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தா. நாள் நெருங்கி இன்னிக்கோ நாளைக்கோன்னு இருந்த நேரத்துலதான் இது அத்தனையும் நடந்துச்சு.

எஸ்டேட் ஆளுங்க வரிசையா குடியிருக்கிற எங்க லைன் வீடுகளுக்குப் பின்னால மாரியம்மன் கோயில். வெள்ளிக்கிழமை காலையில வேலைக்குப் போறதுக்கு முந்தி விளக்கு துலக்கி, வாடின மாலையை எடுத்துப் போடுறது என் பொறுப்பு, பதினேழு வருஷமா. சாமி மாலையைக் குப்பையில போடக் கூடாது, அது மேல கால் படக் கூடாது. அதனால ஒரு கோணியில போட்டு, கோயில் பின்சுவத்து ஆணியில மாட்டி வைப்பேன். நிறைஞ்சதும் கீழ ஓடுற ஆத்துல கொட்டிட்டு வருவேன். கோணியில போடுறதுக்கு முந்தி ஒவ்வொரு மாலையையும் ரெண்டு உதறு உதறுவேன், எலுமிச்சம்பழம், வளையல் ஏதாவது சிக்கியிருக்கும்னு. இதுவும் பதினேழு வருஷப் பழக்கம்.

திருவிழாவுக்குக் கொடியேத்த ஏழு நாள் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை நான் என் வேலையை முடிச்சுட்டுப் போயிட்டேன். மறுநாள் காலையில பூசாரி ஆண்டியப்பன் அலங்காரம் பண்ணப் போனா, அம்மா கழுத்துல தாலி இல்ல. மஞ்சக் கயித்துல கோத்த தங்கத் தாலி. எங்க தாத்தா காலத்துல லைன்காரங்க ஒண்ணு சேர்ந்து செஞ்சு போட்டது. பூசாரி போட்ட சத்தத்துல கொட்டாய்ல இருந்த நாங்களே மேல ஓடி வந்தோம். கருவறை, உண்டியல் மூலை, வடிகால், எல்லாம் தேடியாச்சு. கிடைக்கல. பொம்பளைங்க வாய்ல அடிச்சுக்கிட்டு அழுதாங்க. அம்மா தாலியில்லாம நிக்கிறா, கொடி எப்படி ஏத்துறது?

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கமிட்டித் தலைவர் காளியண்ணன் எல்லாரையும் கோயில் முன்னால கூப்பிட்டாரு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குள்ள போனவங்க மொத்தம் அஞ்சு பேர். பூசாரி, நான், தண்ணி தூக்கின ஜெயா, கமிட்டிக்காரர் சாம்பசிவம், அப்புறம் சோஹாக்.

சோஹாக் பங்களாதேஷ்காரன். முப்பத்திரண்டு வயசு, ஆறு வருஷமா இங்கதான் கொழுந்து வெட்டுற மெஷின் பிடிக்கிறான். லைன்ல யாரும் அவன் பேரைச் சொல்ல மாட்டாங்க, பங்களான்னுதான் கூப்பிடுவாங்க. போன வருஷம் தேயிலைக்குள்ள விழுந்து என் கணுக்கால் முறிஞ்சப்போ, மழையில என்னை முதுகுல தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் வந்தது அவன்தான். என்னை அக்கான்னு கூப்பிடுவான். அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு பல்பு கட்ட ஆள் இல்லைன்னு காளியண்ணன் கேட்டதும், மாட்டேன்னு சொல்லாம வந்து ஏணியில ஏறினவன். அதுதான் அவன் செஞ்ச தப்பு.

எங்க பக்கத்துல ஒரு முறை உண்டு. களவு போச்சா, சண்டையா, எவன் மேலயாவது சந்தேகமா, அம்மா முன்னால சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, 'நான் செய்யல'ன்னு சத்தியம் பண்ணணும். அணைச்சுட்டா அதோட முடிஞ்சுது. அதுக்கு மேல யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. பொய்ச் சூடம் அணைச்சவன் குடும்பம் விளங்காது, அம்மா பாத்துக்குவா. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து எங்களுக்கு எது உண்மை எது பொய்னு தெரியறது இப்படித்தான். கோர்ட்டு, போலீசு எல்லாம் அதுக்கப்புறம்தான்.

பூசாரி அணைச்சாரு. சாம்பசிவம் அணைச்சாரு. ஜெயா அழுதுக்கிட்டே அணைச்சா. என் முறை வந்தப்போ ஜெயா மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "மாலையை எடுத்தது நீலாக்காதான்"னு சொன்னா பாருங்க, எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோவம் வந்தா என்ன பேசுறோம்னு தெரியாது.

"நான் எடுக்கல! மாலையை உதறித்தான் கோணியில போட்டேன். பொய்னா என் மக வயித்துல இருக்கிறது விளங்காம போகட்டும்!" படார்னு அணைச்சேன்.

கூட்டத்துல வசுமதி நின்னுக்கிட்டிருந்தா. வயித்து மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு என்னையே பார்த்தா. அன்னிக்கு நான் அதைக் கவனிக்கல. என் சத்தியம் நிஜம், அதுல எனக்கு என்ன பயம்?

கடைசியா சோஹாக். புதுச் சூடம் கொளுத்தினாங்க. அவன் அதைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், ஒரு அடி பின்னால போனான்.

"தா போலே, பாங்," அப்படின்னான் மலாய்ல. முடியாதுண்ணே. "டோசா." பாவம்.

"என்னடா பாவம்? எடுக்கலன்னா அணைக்க வேண்டியதுதானே?"

அவன் தனக்குத் தெரிஞ்ச தமிழ்லயும் மலாய்லயும் மாத்தி மாத்தி கெஞ்சினான். வேற சாமி முன்னால சத்தியம் பண்ணினா அவங்க மார்க்கத்துல பெரிய பாவமாம். கீழ சூராவுக்கு, நாங்க தொழுகிற இடத்துக்கு வாங்க, குரான் மேல கை வச்சு உங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன், நான் தொடலன்னு சொல்றேன். காளியண்ணன் தலையை ஆட்டினாரு. "உங்க சாமி முன்னால நீ என்ன சொன்னாலும் எங்களுக்கு எப்படித் தெரியும்லா? போனது எங்க அம்மா தாலி." சூடம் தானா எரிஞ்சு அணைஞ்சுது.  எல்லார் மூஞ்சியிலயும் தெரிஞ்சுருச்சு. மறைக்காம சொல்றேன், என் மூஞ்சியிலயும்தான். என்னை முதுகுல சுமந்தவன். 'அட பாவி, நீயாடா'ன்னு நானும் நெனச்சேன்.

திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட சொன்னாங்க. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி விஜயன்தான் எடுத்துச் சொன்னான். சூடம் அணைக்க மாட்டேன்னு சொன்னதை மலாய்ல எப்படிச் சொல்றது? 'உண்மையைச் சொல்ல மறுத்துட்டான்'னு சொல்லியிருக்கான். மேனேஜர் சரின்னுட்டாரு. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துட்டு வாங்க, அவன் வேலை பெர்மிட்டை நிறுத்திடுறேன்னு. காளியண்ணன் மட்டும் பாவம் பார்த்து, புதன்கிழமை வரைக்கும் அவனுக்கு டைம் கொடுப்போம், பயந்து கொண்டாந்து வச்சாலும் வைப்பான்னாரு. காளியண்ணன் கெட்டவர் இல்ல. அதுதான் கஷ்டமே.

செவ்வாய்க்கிழமை வேலை முடிஞ்சு வரும்போது கோணி நிறைஞ்சிருந்ததைப் பார்த்தேன். திருவிழாவுக்கு முந்தி காலி பண்ணணுமேன்னு தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போனேன். கல்லு மேல நின்னு கொட்டினேன். அழுகின செவ்வந்தி, சம்பங்கி, நார் எல்லாம் தண்ணியில போகுது. ஒரு மாலை மட்டும் கோணி வாயில மாட்டிக்கிச்சு. இழுத்தா மஞ்சக் கயிறு வருது. கயித்து நுனியில தாலி.

ஆத்தாடி. அப்படியே தண்ணியிலயே உக்காந்துட்டேன்.

அப்பத்தான் எல்லாம் நெனவுக்கு வந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையில மாலையைக் கழட்டிக்கிட்டிருக்கும்போது வசுமதி போன் அடிச்சா. "அம்மா, வயிறு இழுத்துப் பிடிக்குதும்மா"ன்னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இருந்த மாலையை ஒரே அள்ளா அள்ளி கோணியில திணிச்சுட்டு ஓடினேன், தாலிக் கயிறும் அதோட சிக்கி வந்திருக்கு. வீட்டுக்குப் போனா அவ ரொட்டி தின்னுக்கிட்டு உக்காந்திருக்கா, வாயுவாம். அந்த ஒரு நாள் நான் உதறல. ஆனா பதினேழு வருஷம் உதறின கை, அன்னிக்கும் உதறினேன்னுதான் சொல்லுது. சூடத்தை அணைக்கும்போது என் மனசுல ஒரு தூசி சந்தேகம் இல்ல. இத்தனைக்கும் கோணி எல்லார் கண்ணு முன்னாலயும் ஆணியில தொங்கிக்கிட்டிருந்துச்சு. நான் சூடம் அணைச்சுட்டேன்ல, அதுக்கப்புறம் கோணியை நோண்டிப் பார்த்தா அம்மாவையே சந்தேகப்பட்ட மாதிரி. ஒருத்தரும் கை வைக்கல.

கோணியைப் பழையபடி ஆணியில மாட்டிட்டு, தாலியை இடுப்புல சொருகிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வசுமதி துணி மடிச்சுக்கிட்டிருந்தா, வயிறு அவ்வளவு பெருசு. நான் சொன்ன வார்த்தை காதுல மணியடிச்ச மாதிரி கேட்டுச்சு. உங்களுக்கு இது மூடநம்பிக்கையா தெரியலாம். எனக்குத் தெரியாது.  பொய்ச் சூடம் அணைச்சுட்டேன், அதுவும் அந்த வயித்து மேல. வெளிய சொன்னா லைனே அவ வயித்தைத்தான் பார்க்கும். மகேனோட அம்மா சும்மா விடுவாளா? வாயை மூடிக்கிட்டா, நாளைக்கு சோஹாக் போலீஸ்ல.

அப்பத்தான் எனக்கு அந்தக் கோணப்புத்தி வந்துச்சு. யாருக்கும் வலிக்காம முடிச்சுடலாம்னு. விடியக்காலம் விளக்கேத்தப் போற சாக்குல போய், தாலியைக் கழுவி, அம்மா பீடத்துக்கு அடியில வச்சுட்டு வந்தேன். அம்மாவே திருப்பிக் கொடுத்துட்டான்னு இருக்கட்டும். அவனையும் விட்டுருவாங்க, என் மக வயிறும் தப்பிச்சுது.

எட்டு மணிக்கு பூசாரி மணியடிச்சாரு பாருங்க, அப்படி ஒரு மணி. பொம்பளைங்க குலவை போட்டாங்க. நானும் ஓடினேன், சிரிச்சுக்கிட்டே. காளியண்ணன் தாலியைக் கண்ணுல ஒத்திக்கிட்டு சொன்னாரு: "பாத்தீங்களா அம்மா சக்தியை! திருடினவன் கையாலயே திருப்பிக் கொண்டாந்து வைக்க வச்சுட்டா!"

என் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

"புதன்கிழமைன்னு சொன்னோம், கரெக்டா புதன்கிழமை வச்சிருக்கான்லா," அப்படின்னாரு சாம்பசிவம். "பயம்." எல்லாரும் தலையாட்டினாங்க. இவ்வளவு நாள் சந்தேகமா இருந்தது அந்த நிமிஷத்துல உறுதி ஆயிருச்சு. நான் அவனைக் காப்பாத்தறேன்னு போய் அவன் கழுத்துலயே சுருக்கை மாட்டியிருக்கேன். நாலு பேர் போய் அவனைக் கூட்டி வந்து கோயிலுக்கு எதிர்ல இருந்த காலி லைன் வீட்டுல உக்கார வச்சாங்க, வாசல்ல ரெண்டு பேர் காவல். தாலி கிடைச்சாலும் களவு களவுதான், வெள்ளிக்கிழமை கொடி ஏறும்போது அவன் எஸ்டேட்டுல இருக்கக் கூடாதுன்னு பேச்சு.

மத்தியானம் வரைக்கும் தாக்குப் பிடிச்சேன். கொழுந்து நிறுக்கும்போது ரெண்டு தடவை தப்பு தப்பா எடை சொல்லி மெஷின்காரங்கிட்ட திட்டு வாங்கினேன். அதுக்கு மேல முடியல. நேரா கோயிலுக்குப் போனேன். கமிட்டிக்காரங்க தோரணம் கட்டிக்கிட்டிருந்தாங்க.

"அண்ணே, அவனை விடுங்க. தாலி என் கோணியில இருந்துச்சு. அன்னிக்கு நான் உதறல. பீடத்துக்கு அடியில வச்சது நான்தான்."

 காளியண்ணன் கோவப்படுவாருன்னு நெனச்சேன். அவரு இரக்கப்பட்டாரு. "தங்கச்சி, உனக்கு மனசு இளகின மனசு. உன்னைத் தூக்கிட்டு வந்தவன்னு நன்றி. அதுக்காக அம்மா விஷயத்துல இப்படிப் பேசக் கூடாது."

"ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன். கோணியைப் பாருங்க, கயித்துச் சாயம்கூட ஒட்டியிருக்கு."

"உதறித்தான் போட்டேன்னு நீதானே சூடம் அணைச்ச?"

"அப்ப எனக்குத் தெரியாதுண்ணே!"

"தெரியாம எப்படிச் சூடம் அணைப்ப?" அப்படின்னாரு பூசாரி.  ஜெயா மெதுவா, "பங்களா ஏதோ மந்திரிச்சு விட்டுட்டான் போல"ன்னா. கோணியை ஒருத்தர் கூடத் திரும்பிப் பார்க்கல. கண்ணு முன்னால இருக்கிற சாயத்தை விட, அணைஞ்சு போன சூடம் அவங்களுக்குப் பெருசு. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. போன ஞாயித்துக்கிழமை நானும் அப்படித்தான் இருந்தேன்.

"கொண்டாங்க சூடத்தை," அப்படின்னேன்.

பூசாரி தயங்கினாரு. நானே டப்பாவைத் திறந்து, இருந்த சூடத்தை எல்லாம் கொட்டிக் கொளுத்தினேன். தீ முழங்கால் உயரம் வந்துச்சு. சத்தம் கேட்டு லைன்ல இருந்து ஆளுங்க வந்துட்டாங்க, வசுமதியும் வந்துட்டா. "தாலி என் கோணியிலதான் இருந்துச்சு. சோஹாக் எடுக்கல. அம்மா மேல சத்தியம்!" கையை வச்சு அழுத்தினேன். அணைய நேரமாச்சு. தோல் பொசுங்கின வாசனை எனக்கே வந்துச்சு.

 ஒரே கை, ஒரே சாமி, ரெண்டு சத்தியம். இப்படி ஒண்ணு எங்க எஸ்டேட்டுல நடந்ததே இல்ல.  காளியண்ணன் நல்ல மனுஷன் மாதிரி, நிதானமா, இந்தத் தீர்ப்பைச் சொன்னாரு.

"ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும். மொதல் சத்தியம் வசுமதி வயித்து மேல பண்ணினது. அவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோதானே? குழந்தை நல்லபடியா பொறந்தா நீலா மொதல்ல சொன்னதுதான் சத்தியம், பங்களா திருடன். குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா..." அதுக்கு மேல அவரால சொல்ல முடியல. "அம்மாவே சொல்லட்டும். அதுவரைக்கும் அவன் இங்கயே இருக்கட்டும்."

கூட்டம் சரின்னுச்சு. நான் காளியண்ணன் காலைப் பிடிச்சுக் கதறினேன். காலி லைன் வீட்டு ஜன்னல்ல சோஹாக் நின்னுக்கிட்டிருந்தான். அவனுக்குப் புரியற அளவு தமிழ் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் வசுமதி கதவைச் சாத்தினா. "என்னைக் கேட்டியாம்மா? என் வயிறு உனக்குச் சூடத் தட்டா? உன் கோவத்துக்கு ஒரு சத்தியம், உன் பாவத்துக்கு ஒரு சத்தியம், நடுவுல என் புள்ளை!" அவ என்னை அடிச்சிருந்தாகூட அப்படி வலிச்சிருக்காது. கைக்கு மருந்து போட வந்தவ, போடாமலே போய்ப் படுத்துட்டா.

வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு அவளுக்கு வலி எடுத்துச்சு. மகேன் லோரியையே எடுத்துக்கிட்டு வந்தான். ஸ்கூல் லீவு, மலை ரோடு பூரா கார். பனி வேற. சூரியன் உதிக்கிறதைப் பார்க்க வந்தவனுங்க நடு ரோட்டுல நிறுத்திப் போட்டோ எடுக்கிறானுங்க. நான் ஜன்னல்ல தலையை நீட்டி மலாய்ல, தமிழ்ல, எனக்குத் தெரிஞ்ச எல்லா கெட்ட வார்த்தையும் சொல்லித் திட்டினேன். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரமாச்சு.

உள்ள கொண்டு போயிட்டாங்க. மகேன் கூடப் போனான். நான் வெளிய பெஞ்சுல உக்காந்தேன். ஏழு, எட்டு, ஒம்போது. நர்ஸ் ஓடினா என் உசிரு போகுது, கதவு திறந்தா உசிரு போகுது. தாயே, நான் தெரியாம சொன்னது, என்னை எடுத்துக்கோ, அதுங்களை விட்டுருன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். இடையில ஒரு தடவை உள்ள இருந்து வசுமதி வீல்னு கத்தினா. அப்புறம் சத்தமே இல்ல. சுவத்துல தலையை முட்டிக்கிட்டேன். இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, அந்த நாலரை மணி நேரத்துல சோஹாக் நெனப்பு எனக்கு ஒரு தடவைகூட வரல.

பதினொன்னரைக்கு மகேன் வெளிய வந்தான். அழுதுக்கிட்டே சிரிக்கிறான். "அத்தை, பொம்பளைப் புள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

உள்ள போனேன். நர்ஸ் குழந்தையைத் தராசுல வச்சிருந்தா. மூணு கிலோ இருநூறு. கையையும் காலையும் உதைச்சுக்கிட்டு லைனே கேக்கிற மாதிரி ஒரு அழுகை, அப்படியே என் வாய். விரலை எண்ணினேன், பத்து. மறுபடியும் எண்ணினேன். அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்றது? வசுமதி வேர்த்துப் போய் படுத்திருந்தா. என் பொசுங்கின கையை எடுத்துத் தன் கன்னத்துல வச்சுக்கிட்டா.

அப்பத்தான் போன் அடிச்சுது. காளியண்ணன். மகேன் ஏற்கனவே சேதி சொல்லியிருக்கான். பின்னால குலவைச் சத்தம் கேக்குது.

"தங்கச்சி! அம்மா உன்னைக் கைவிடல பாத்தியா! நீ மொதல்ல அணைச்சதுதான் சத்தியம். இனி உன் மேல ஒரு சொல்லு வராது. நாங்க அவனைக் கூட்டிக்கிட்டு டவுனுக்குக் கிளம்பிட்டோம். ரிப்போர்ட்டைக் கொடுத்துட்டு, அப்படியே பேத்தியைப் பார்த்துட்டுப் போறோம். கற்கண்டு வாங்கிட்டு வர்றேன்."

போனை வச்சுட்டு குழந்தையைப் பார்த்தேன். அது இன்னும் தராசுலதான் கிடந்துச்சு. பொறந்து அரை மணி நேரம் ஆகல. அது நல்லா இருக்கிறதே ஒருத்தனைத் திருடன் ஆக்கிருச்சு.

"நான் வெளிய போயிட்டு வர்றேன்," அப்படின்னேன்.

"எங்கம்மா?" வசுமதிக்கும் போன்ல பேசினது கேட்டிருந்துச்சு.

"உன் புள்ளையைத் தராசுல இருந்து எறக்கணும்."

அவ கண்ணை மூடித் திறந்தா. "சீக்கிரம் போம்மா."

போலீஸ் பாலாய், அதான் ஸ்டேஷன், வரைக்கும் ஓட்டமும் நடையுமா போனேன். முறிஞ்ச கணுக்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இந்த வயசு வரைக்கும் அந்தப் படியை மிதிச்சதில்ல. மேசைக்குப் பின்னால முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பொண்ணு, வசுமதி வயசுதான் இருக்கும். "டூடுக், மாச்சிக்," உட்காருங்கம்மான்னா. எனக்கு மலாய் பசார்ல மீன் வாங்குற அளவுக்குத்தான் வரும். அதை வச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். கோயில், மாலை, கோணி, தாலி. சூடத்துக்கு மலாய்ல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அதை விட்டுட்டேன். விட்டுட்டா இந்தக் கதை எவ்வளவு சின்னது! ஒரு கிழவி மாலையை உதற மறந்துட்டா, அவ்வளவுதான்.

பாதி சொல்லும்போது வேன் வந்து நின்னுச்சு. காளியண்ணன், சாம்பசிவம், கிராணி விஜயன், நடுவுல சோஹாக். காளியண்ணன் கையில கற்கண்டுப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் வாசல்லயே நின்னுட்டாரு.

"நீலா, இங்க என்ன பண்ற? அம்மாவே தீர்ப்பு சொல்லிட்டாளேம்மா."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சோஹாக் அவரைத் தாண்டி முன்னால வந்தான். ரெண்டு நாளா தூங்காத கண்ணு. "அக்கா," அப்படின்னான், தமிழ்ல. "பாப்பா நல்லா இருக்கா? இவங்க சும்மா சொல்லல? நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குய்யா."

"அல்ஹம்துலில்லாஹ்." ரெண்டு கையாலயும் முகத்தைத் துடைச்சுக்கிட்டான். "அதுதான் கேட்டேன், அக்கா. ரெண்டு நாளா தொழுகையில அது மட்டும்தான் கேட்டேன்."

காளியண்ணன் தலை குனிஞ்சதை நான் பார்த்தேன். அவன் ஜன்னல்ல நின்னு தீர்ப்பை முழுசா கேட்டவன். குழந்தை நல்லா இருந்தா தன்னைத் திருடன் ஆக்கிருவாங்கன்னு தெரிஞ்சேதான் அதைக் கேட்டிருக்கான். நான் ஓன்னு அழுதுட்டேன், அந்த மேசை மேலயே.

பொண்ணு தண்ணி கொடுத்தா. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்தா. அப்புறம் தான் எழுதின காகிதத்தை என் பக்கம் திருப்பி வச்சு, என் கண்ணைப் பார்த்துக் கேட்டா. "பெத்துல்கா, மாச்சிக்?" உண்மைதானாம்மா?

"புக்கான் டியா. சாயா," அப்படின்னேன். அவனில்ல, நான்தான். "பெத்துல்." உண்மைதான்.

சொல்லிட்டு, பழக்க தோஷம், உள்ளங்கையை விரிச்சு நீட்டிட்டேன், சூடத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. அந்தப் பொண்ணு என் கையில இருந்த கொப்புளங்களைப் பார்த்தா.  கொப்புளம் படாத இடமா பார்த்து, அதுல ஒரு பேனாவை வச்சா. நாலு பேரும் பார்த்துக்கிட்டே நின்னாங்க. விரலை மடக்கறதுக்கே உசிரு போச்சு. அந்தக் காகிதத்துக்கு அடியில நீலாவதின்னு முழுசா எழுதினேன்.